மெதுவாக இறுகும் சிமென்ட்

சுன்ச்சொன்
அக்டோபர் 21

அக்காவுக்கு,

இங்கே நலம். அதாவது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். போஹாங்கில் கடற்காற்று ஆரம்பித்திருக்கும். உன் இருமல் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால்?

கடிதம் எழுதுகிறானே என்று சிரிப்பாய். போனில் நம்மால் மூன்றாவது வாக்கியத்தைத் தாண்ட முடிவதில்லை. அப்பாவின் நினைவுநாள் படையலன்று பேசியதை நினைத்துப் பார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

செய்தி இதுதான். உன் டீம் உருவாக்கிய சிமென்ட்டை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அடுத்த மாதம், ஐந்தாம் மாடியிலிருந்து மேலே எல்லாத் தளமும் அதில்தான். எங்கள் சைட் தலைவர் குவாக் நான் கொடுத்த காகிதங்களைப் புரட்டக்கூட இல்லை.

"உருக்காலைக் குப்பையா?"

"கசடு, சார். சாதாரண சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடணும், அவ்வளவும் புகை. இதுல பாதிக்கு மேல கசடுதான். புகை பாதியாக் குறையும்."

"புகையை விடு. பசுமைக் கட்டடம்னு முத்திரை கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"முத்திரை கிடைச்சா ரெண்டு மாடி கூடுதலாக் கட்டலாம். போடு. ஆனா வாரத்துக்கு ஒரு மாடி. அதுல கை வைக்காதே."

பூமியின் பங்கு அவ்வளவுதான். இரண்டு மாடி.

நேற்று சைட்டில், வேலை நல்லபடியாக நடக்க, பன்றித்தலை வைத்துப் படையல் போட்டோம். குவாக் பன்றியின் வாயில் ஒரு நோட்டைச் செருகி, விழுந்து வணங்கி, உரக்க வேண்டிக்கொண்டார். விபத்து வேண்டாம், பனி வேண்டாம், சீக்கிரம் முடிய வேண்டும். பின்னாலிருந்து எங்கள் சென்ட்ரிங் மேஸ்திரி பேக் முணுமுணுத்தார்: "வச்சது ஒரு நோட்டு. கேட்டது மூணு வரம். பன்னி செத்தும் சிரிக்குது பாரு."

போன வாரம் அம்மா கேட்டாள், ஈரக் கான்கிரீட் எப்படிக் கீழே விழாமல் நிற்கிறது என்று. பலகை தாங்குகிறது, பலகையை இரும்பு முட்டுகள் தாங்குகின்றன என்றேன். அதே கான்கிரீட்டில் சில உருளைகளை வார்த்து வைப்போம், அவற்றை நசுக்கிப் பார்த்துப் பலம் வந்துவிட்டதென்றால் முட்டுகளைப் பிரிப்போம் என்றேன். அம்மா டோஃபு கடையில் சோயாப்பாலைத் துணியில் இறுக்கிக் கட்டியாக்கியவள் அல்லவா.

"கட்டியாறதுக்கு முன்னாடி துணியை உருவினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அவசரப்படாதீங்கடா."

இருமலுக்குப் பேரிக்காய்ச் சாறு குடி.

தேஹூன்

*

போஹாங்
நவம்பர் 2

தம்பி தேஹூனுக்கு,

உன் கடிதம் கண்டேன். இருமல் என்னோடு குடியிருக்கிறது, வாடகை கொடுப்பதில்லை. அம்மா நடக்கிறாள். கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் வாங்கக் கூடையோடு போயிருக்கிறாள். உன் வயிற்றுவலி பற்றி நீ எழுதவில்லை. எழுதாததால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டும் என்று இரண்டு நாள் முயன்றேன். ஏழு வருடம் இந்தக் கசடுத் தூசியில் இருந்துவிட்டு, ஒருவர் "போடு" என்று சொன்னதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் சிமென்ட் கம்பெனி இயக்குநர் யூனிடம் சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பாமலே பேசினார்.

"நல்லது மிரான். கோடையில யார் வேணும்னாலும் கான்கிரீட் போடுவாங்க. குளிர்காலத்துல ஒரு சைட்டுல ஓடிச்சுன்னு காட்டு. இல்லேன்னா உன் டீமை மூட்டை விக்கிற பக்கம் அனுப்பச் சொல்லி மேலேருந்து கேக்கறாங்க."

என்னோடு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

இதை மட்டும் கவனமாகப் படி. இந்தச் சிமென்ட் குளிரில் மெதுவாக இறுகும். குறை இல்லை, அதன் சுபாவம். சாதாரண சிமென்ட்டுக்கு உள்ள நாட்கணக்கை இதற்கு வைக்காதே. உருளைகள் தளத்தின் மேலேயே, தளத்துக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். தளம் படுகிற குளிரை அவையும் பட வேண்டும். அப்போதுதான் அவை சொல்வது தளத்தின் சொல்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். தெரியும். ஆனாலும்.

வேளைக்குச் சாப்பிடு.

மிரான்

*

சுன்ச்சொன்
நவம்பர் 25

அக்காவுக்கு,

அம்மா அனுப்பிய கிம்ச்சிப் பெட்டி வந்தது. நலமாக வந்தது என்று எழுதத் தோன்றுகிறது, விருந்தாளியைப் போல. வயிறு பரவாயில்லை. உங்கள் இருவருக்கும் குளிர் தாங்குகிறதா?

இங்கே காலையில் தண்ணீர்க் குழாய் உறைகிறது. ஏழாம் மாடி. நீ சொன்னபடி உருளைகள் வெளியே, தளத்தின் மேல், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. நசுக்கிப் பார்த்தோம். பலம் போதவில்லை. காத்திருந்தோம். மறுபடி நசுக்கினோம். போதவில்லை. மறுபடி காத்திருந்தோம்.

குவாக் மாடிக்கே ஏறி வந்தார். மூச்சு வாங்க, தளத்தைக் காலால் தட்டினார்.

"உங்க அக்கா எந்தப் பல்கலைக்கழகம்?"

சொன்னேன்.

"அதான். கான்கிரீட்டும் படிச்சிருக்கு. இறுகலாமா வேண்டாமான்னு யோசிச்சிக்கிட்டே கெடக்கு."

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேக் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய ஆட்கள் மாடிக்கு இவ்வளவு என்று பேசி வந்தவர்கள். மாடி ஏறாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

"தம்பி, நான் தட்டிப் பாத்தேன். கணகணன்னு இருக்கு. பிரிச்சிரலாம்."

"உருளை சொல்லட்டும்ணே."

"உருளைக்கு என்ன தெரியும்? வெளிய போட்டு வெரைக்க விட்டா நானும்தான் ஊமையாயிடுவேன்."

தார்ப்பாயைச் சுற்றிக் கட்டி, உள்ளே தகரப் பீப்பாயில் பழுப்பு நிலக்கரி எரிக்கிறோம், தளம் சூடாக இருக்கட்டும் என்று. எல்லா சைட்டிலும் வழக்கம். நேற்று அந்தப் புகைக்குள் நின்று இருமிக்கொண்டே உன்னை நினைத்தேன். புகையைக் குறைக்கிற சிமென்ட்.

சோர்வாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

தேஹூன்

*

போஹாங்
டிசம்பர் 4

தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருக்கிறாள்.

புகைக்குள் நிற்காதே. தார்ப்பாய்க்குள் போகும்முன் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போ. அந்தப் புகைக்குள் போன ஆட்கள் திரும்பி வராத சைட்டுகளை நீயும் கேள்விப்பட்டிருப்பாய்.

யூன் வாராவாரம் கேட்கிறார், சுன்ச்சொன் என்ன ஆயிற்று என்று. மெதுவாக என்றேன். "மெதுவா" என்ற வார்த்தையை அவர் வாயில் போட்டு மென்றுவிட்டு, ஜனவரியில் சியோல் கருத்தரங்கில் என் பெயர் இருப்பதை ஞாபகப்படுத்தினார்.

நீ அவசரப்பட வேண்டாம். இதை எழுதுகிற கைக்கு அவசரம் இருக்கிறது. அதை நீ பொருட்படுத்த வேண்டாம்.

மிரான்

*

சுன்ச்சொன்
டிசம்பர் 23

அக்காவுக்கு,

காலுறை கச்சிதம். அம்மாவிடம் சொல். இந்த வருடம் பனி அதிகம். உங்கள் பக்கம் வெயில் உண்டாமே. பொறாமையாக இருக்கிறது.

நல்ல செய்தி. உருளைகள் தேறிவிட்டன. மூன்று மாடிகளாக ஒன்றுகூடத் தோற்கவில்லை. எண்களைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு மாடி. பதினோராம் மாடியில் முட்டுகள் பிரித்தாகிவிட்டன. குவாக் எனக்கு முதல்முறையாகக் காப்பி வாங்கித் தந்தார். "உங்க அக்காவுக்கும் ஒண்ணு அனுப்பு" என்றார்.

கன்டெய்னர் அலுவலகத்தில் இப்போது மண்ணெண்ணெய் அடுப்பு வந்துவிட்டது. மதியத்தில் அதன்மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடுகிறோம். உன் பிள்ளைகளான உருளைகளும் அங்கேதான், அடுப்பைச் சுற்றி வரிசையாக. ஒருநாள் கடும் உறைபனி. பேக் அவற்றை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "பாவம் தம்பி, வெளிய கெடந்தா வெடிச்சிரும். நான் அடை வைக்கிறேன். குஞ்சு பொரிச்சா ஆளுக்கொண்ணு." எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அங்கேயே இருக்கின்றன.

சியோலில் நீ நன்றாகப் பேசுவாய். பயப்படாதே.

தேஹூன்

*

போஹாங்
ஜனவரி 30

தம்பி தேஹூனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு சரியாகத்தான் இருந்தது. சியோல் வேலை.

கருத்தரங்கு நல்லபடியாக முடிந்தது. உன் எண்கள் திரையில் வந்தபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று படம் எடுத்தார். யூன் கைதட்டினார். திரும்பும் ரயிலில் எனக்கு மதியச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கித் தந்து, டீம் இருக்கும் என்றார். மூன்று பேரிடமும் சொன்னேன். ஒருத்தி அழுதாள். கலையவிருந்தது என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அம்மாவுக்கு நீ சந்திரப் புத்தாண்டுக்கு வருவாயா என்று தெரிய வேண்டும். புதுப் போர்வை வாங்கியிருக்கிறாள். வயிறு எப்படி? அந்தப் பக்கத்து வைத்தியர் கொடுத்த கஷாயம் குடிக்கிறாயா? அலுவலகத்தில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறீர்களா? மண்ணெண்ணெய் அடுப்பு தலைவலி தரும்.

உருளைகளை மறுபடி வெளியே வைத்துவிட்டீர்களா?

வேண்டாம். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

மிரான்

*

சுன்ச்சொன்
பிப்ரவரி 14

அக்காவுக்கு,

நலம். புத்தாண்டுக்கு வர முடியவில்லை. அம்மாவிடம் வேலை என்று சொல். அது பொய்யில்லை.

நீ கேட்ட கேள்விக்கு, நீ சொன்னபடி, பதில் எழுதவில்லை.

வேறொன்று. பதினோராம் மாடியில் ஒரு வீடு. கிழக்கு மூலை. தச்சர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலிருந்து ஆரஞ்சு நழுவியது. அது சுவரோரத்திலிருந்து உருண்டு கூடத்தின் நடுவுக்குப் போய் நின்றது. எடுத்து எதிர்ச்சுவரோரம் வைத்தார். திரும்ப நடுவுக்கு வந்தது. பிறகு எல்லோரும் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பக்கமிருந்து விட்டாலும் நடுவுக்கு. பேக் சொன்னார், "இந்த வீட்டுல தொலைஞ்சு போறதுக்கே வழியில்ல."

நான் மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். குவாக்கைக் கூப்பிட்டேன்.

"மேல பூசு. சமமாயிடும்."

"சார், தளம் தொய்ஞ்சிருக்கு."

"எல்லாத் தளமும் கொஞ்சம் தொய்யும். நீயும்தான் வந்ததுக்கு இப்ப தொய்ஞ்சிருக்கே. உன்னை இடிச்சிட்டமா?"

பூச ஆரம்பித்திருக்கிறார்கள். பூச்சின் எடையும் அந்தத் தளத்தின் மேல்தான். அதற்கும் மேலே மாடிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அதற்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள், ஓடு பதிக்கிறவர்கள், குழாய் போடுகிறவர்கள். நான் கீழே நிற்கும்போது மேலே பார்ப்பதில்லை.

தேஹூன்

*

போஹாங்
பிப்ரவரி 17

தேஹூன்,

நலம் கேட்க நேரமில்லை. உன்னைப் போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உருளைகள் அடுப்பின் சூட்டில் இறுகின. தளம் பீப்பாய்ச் சூடு போதாமல் உறைபனியில் கிடந்தது. உருளை சொன்னது அடுப்பின் சொல். அதை நம்பி முட்டுகளைப் பிரித்தீர்கள். டிசம்பரில் தளத்துக்கு என்ன பலம் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். எழுத விரும்பவில்லை. தன் எடையைத் தாங்கியதே அதிகம்.

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். அடுப்பு, கிழங்கு, வரிசை. இரண்டு முறை படித்தேன். பிறகு தனித்தாளில் இருந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு சியோலுக்குப் போனேன்.

நீ சிரித்துக்கொண்டே எழுதினாய். தெரியாமலா எழுதினாய், நான் கேட்பேன் என்றா? நான் கேட்கவில்லை. கேட்டேன், பதில் வேண்டாம் என்றேன். அது கேட்காததைவிட மோசம்.

இப்போது செய்ய வேண்டியது. பூச்சை நிறுத்து. அடுப்பு உருளைகளை நம்பிய ஒன்பதாம் மாடியிலிருந்து மேலே எல்லா மாடியிலும் முட்டுகளைத் திரும்பக் கொடு. அதுவரை கீழே ஒருவர்கூட இருக்கக் கூடாது. தளத்தில் துளையிட்டு, அதன் உடம்பிலிருந்தே துண்டெடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். இதைக் குவாக்கிடம் நீ சொல். இந்த வாரத்துக்குள் சொல்லாவிட்டால் நகராட்சிக்கு நான் எழுதுவேன். என் பெயரோடு.

மிரட்டவில்லை. எனக்கும் சேர்த்துத்தான்.

மிரான்

*

சுன்ச்சொன்
மார்ச் 2

அக்காவுக்கு,

உடம்பு எப்படி? எனக்கு ஒன்றுமில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த காலையிலேயே போனேன். குவாக் முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு. எனக்கு. இப்ப உங்களுக்கு."

"நீ சொன்னா உன் இன்ஜினியர் லைசென்ஸ் போகும். நான் சொன்னா என் வேலை போகும். ஒரு வாரம் பொறு. நான் யோசிக்கிறேன்."

"ஆளுங்க கீழ இருக்காங்க சார்."

"இத்தனை நாளும் இருந்தாங்களே."

வெளியே வந்து பேக்கிடம் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"நான் அடுப்புகிட்ட வச்சது டப்பாவை. என் ஆளுங்க நின்னது தளத்துக்கு அடியில. இது ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையாடா? வாத்தியார் மாதிரி எல்லாத்தையும் சொல்லுவியே!"

"சிரிச்சேண்ணே."

"ஆமா. நானும்தான் சிரிச்சேன்."

காலரை விட்டார். அப்புறம் யாரையும் கேட்கவில்லை. விசில் ஊதி எல்லோரையும் கீழே இறக்கினார். குவாக் வந்து கத்தினார். பேக் திரும்பிப் பார்க்காமல், "உம்ம பன்னிகிட்ட போய்ச் சொல்லு" என்றார். நானும் அவரும், தாமாக வந்த சிலரும், ஒவ்வொரு மாடியாக முட்டுகளைத் திரும்ப நிறுத்தினோம். பதினொன்றின் கிழக்கு மூலையில் முட்டைத் திருகி ஏற்றும்போது தளம் முனகியது. மரம் முனகுவதுபோல. பேக் திருகுவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. அவர் கெட்ட வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார், தொழுகிறவர்போல.

துளையிட்டு எடுத்த துண்டுகள் சியோலுக்குப் போயிருக்கின்றன. வேலை நின்றதால் கம்பெனியிலிருந்து வக்கீல் ஒருவர் வந்தார். நகராட்சிக்கு அவர் எழுதிக் கொடுத்தது: சிமென்ட்டின் தரக்குறைவு. உருளைகள் எங்கே இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலொழியச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார்.



தேஹூன்

*

போஹாங்
மார்ச் 26

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாதுளை மரத்தில் துளிர் விட்டிருக்கிறது. அம்மா உன்னிடமிருந்து போன் வரவில்லை என்று தினமும் என்னிடம் கோபிக்கிறாள்.

செய்தித்தாளில் வந்துவிட்டது. "கசடு சிமென்ட் தளம் தொய்ந்தது." மூன்றாம் பக்கம், சிறிய கட்டம். போதும். கையெழுத்தாக இருந்த இரண்டு சைட்டுகள் விலகிவிட்டன. சியோலில் படம் எடுத்தவர் இப்போது எங்கோ அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருப்பார், வேறு காரணத்துக்கு. யூன் என்னைக் கூப்பிட்டார். இந்தமுறை நாற்காலியைத் திருப்பினார்.

"சிமென்ட்டா, ஆளுங்களா? எது தப்பு?"

"தெரியல."

"உனக்குத் தெரியலன்னா யாருக்கு மிரான் தெரியும்?"

ஏப்ரலோடு டீம் கலைகிறது. அழுதவள் இந்தமுறை அழவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உன் விசாரணை பத்தாம் தேதி என்று வக்கீலே எனக்கும் தெரிவித்தார். அதற்காகத்தான் எழுதுகிறேன். கேட்டால் சிமென்ட் என்று சொல்லிவிடு. நான் மறுக்க மாட்டேன். உனக்கு லைசென்ஸ் இருக்கிறது, முப்பத்திரண்டு வயது. எனக்கு இருப்பது ஒரு பொடி. அது யாரிடமும் வேலை கேட்டுப் போகாது.

ஆட்கள் கீழே இறங்கியாகிவிட்டது. எனக்கு அது போதும் என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

கஷாயத்தை விட்டுவிடாதே.

மிரான்

*

சுன்ச்சொன்
மே 8

அக்காவுக்கு,

மழை பெய்து வெயில் வந்திருக்கிறது. இங்கே எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். உன் இருமல் போயிருக்கும். அம்மாவிடம் நேற்றுப் பேசினேன். விசாரணையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மெலிந்துவிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

எழுதத் தாமதம். முடிவு கைக்கு வரட்டும் என்று இருந்தேன்.

நகராட்சியில் சின்ன அறை. மூன்று அதிகாரிகள். வக்கீல், குவாக், நான், பேக். அரைமணி நேரம் சிமென்ட்டைப் பற்றியே பேசினார்கள். என் முறை வந்தபோது கடைசியில் இருந்தவர் கேட்டார், ஏதாவது சேர்த்துச் சொல்ல இருக்கிறதா என்று. வழக்கமாகக் கேட்பதுதான். அவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"உருளைங்க கன்டெய்னர்ல இருந்துச்சு. அடுப்புப் பக்கத்துல."

பேனா திறந்தது.

"யார் கொண்டு போனது?"

பேக் எழுந்துவிட்டார். "நாந்தாங்க. வெடிச்சிரும்னு நெனச்சேன்."

"உங்களைக் கேக்கல. உட்காருங்க."

"கேக்கலன்னாலும் நாந்தாங்க."

நான் சொன்னேன், "அவர் கொண்டு வந்தாரு. நான் பாத்தேன். திருப்பி வெளிய வைங்கன்னு சொன்னாப் போதும். சொல்லல."

"ஏன்?"

"வாரத்துக்கு ஒரு மாடி."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். குவாக் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்பக் களைத்துப்போன கைகள். அவருக்கும் மேலே யாரோ வாரத்துக்கு ஒரு மாடி என்று சொல்லியிருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது.

என் லைசென்ஸ் இரண்டு வருடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. குவாக்கை மாற்றிவிட்டார்கள். அறிக்கையில் ஒரு வரி: சிமென்ட்டில் குறை காணப்படவில்லை. நகலை இதோடு வைத்திருக்கிறேன். செய்தித்தாளில் அது வராது. யூனிடம் காட்டு. கலைந்த டீமைத் திரும்பக் கொண்டுவருமா என்றால், இல்லை, தெரியும். மீதி மாடிகளைச் சாதாரண சிமென்ட்டில்தான் கட்டப்போகிறார்கள். நீ சொல்லாதே என்று சொன்னதை மீறினேன். கோபமென்றால் எழுது. போனிலும் கத்தலாம்.

மேலிருந்து பதினோராம் மாடி வரை, தொய்ந்த எல்லாவற்றையும் இடித்து இறக்குகிறார்கள். மாதக் கடைசிவரை எனக்கு ஒப்படைக்கிற வேலை இருக்கிறது. அதனால் பார்க்கிறேன். லாரி லாரியாகப் போகிறது. உன் சிமென்ட் மிச்சம் பிடித்த புகையெல்லாம் இந்த லாரிகளிலேயே போயிருக்கும். கணக்குப் போட ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

இன்று காலை இடிக்கிற ஆள் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். வெளியூர்க்காரர், ஒன்றும் தெரியாதவர். முகமெல்லாம் வெள்ளைத் தூசி.

"என்னங்க இது, கான்கிரீட்டா இரும்பா? உளி ரெண்டு ஒடஞ்சு போச்சு. சவசவன்னு இருக்கும், அரைநாள் வேலைன்னு சொல்லிக் கூட்டியாந்தாங்க."

"குளிர்ல மெதுவா இறுகும். இப்ப வெயில் வந்திருச்சில்ல. நல்லா இறுகிடுச்சு."

"அப்ப விட்டுற வேண்டியதுதானே? இத ஏன் ஒடைக்கணும்?"

"வளைஞ்சபடியே இறுகிடுச்சு."

அவர் குனிந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடித் தளத்தின் நீளத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா நேராவே இறுகியிருக்கும்?"

"இறுகியிருக்கும்" என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டார். போய் மெஷினைப் போட்டார்.

அதற்குமேல் சத்தத்தில் ஒன்றும் பேச முடியவில்லை.

தேஹூன்